துணிக்குப் பின்னால் ஒரு கல்யாணம்

படத்தின் நாலாவது சுருள் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் பெண்கள் பக்கம் எழுந்து போய்விடுகிறது. ஏன் போகிறது என்பதுதான் நீலவ்வாவுக்குப் பிடிபடவில்லை.

ஒரேயடியாக எழுந்து போனாலாவது பாம்பு, தேள் என்று நினைத்துக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. முதலில் நடுவரிசையில் யாராவது ஒருத்தி முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வாள். பக்கத்தில் இருப்பவள் குழந்தையை இடுப்பில் ஏற்றுவாள். அப்புறம் ரொட்டி மூட்டைகள் கையில் ஏறும், வளையல்கள் சலசலக்கும், பாதிக் கூடாரம் தலையைக் குனிந்துகொண்டு வாசல் படுதாவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். யாரும் கோபமாகப் போவதில்லை. சிரித்துக்கொண்டும் போவதில்லை. துணிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் அசையாமல் உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பனசங்கரித் திருவிழாவுக்கு ராச்சப்பா சாவுகாரின் சினிமாக் கூடாரம் வருவது அது மூன்றாவது வருஷம். கூடாரத்தின் நடுவில் இரண்டு கம்பங்களுக்கு இடையே வெள்ளைத் துணியைக் கட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் இயந்திரமும் ஆண்களும், மறுபக்கம் பெண்கள். ஆட்டம் தொடங்கும் முன் துணியின் மேல் குளத்துத் தண்ணீரைப் பீய்ச்சி நன்றாக நனைப்பார்கள். காய்ந்த துணி தன் மேல் விழும் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். நனைந்த துணி பாதியை உள்ளே விடும், எண்ணெய் பட்ட காகிதத்தில் விளக்கு தெரிகிற மாதிரி. அப்படி உள்ளே வந்த பாதி வெளிச்சத்தில்தான் பெண்கள் படம் பார்த்தார்கள். பாதி வெளிச்சத்துக்குப் பாதிக் கட்டணம் என்று சாவுகார் நியாயம் வைத்திருந்தார்.

படத்துக்கு வாய் கிடையாது. நடுநடுவே எழுத்துக்கள் வரும். ஆண்கள் பக்கத்தில் தார்வாட்டு வெங்கோபராவ் மேடையில் நின்றுகொண்டு அவற்றைப் படித்துச் சொல்வார். ஆர்மோனியமும் தபலாவும் அவர் காலடியில்தான். அந்தச் சத்தத்தைத் தாண்டி அவர் குரல் பின்பக்கம் வராது. பின்பக்கத்தில் எழுத்தெல்லாம் இடவலம் மாறிக் கிடக்கும், படிக்கத் தெரிந்தவளாலும் படிக்க முடியாது. அதனால் அங்கே நீலவ்வா. துணியின் ஓரத்தில் ஒரு முக்காலி, கையில் தகரக் குழல். படத்துக்கு முதுகையும் பெண்களுக்கு முகத்தையும் காட்டி உட்கார்ந்து, ராஜாவாகவும் ராணியாகவும் தோட்டக்காரனாகவும் குரல் மாற்றிப் பேசுவாள்.

திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. புதுப்படப் பெட்டி ரயிலில் வந்து இறங்கியதும், வாசல் திறப்பதற்கு முன்னால் இயந்திரம் சுற்றும் மக்தும்சாப் ஒருமுறை ஓட்டிக் காட்டுவார். கம்பெனி ஆட்கள் எல்லாரும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஆண்கள் பாயில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒருமுறை பார்த்தால் நீலவ்வாவுக்குப் போதும். இருபது வருஷம் நாடகக் கம்பெனியில் மற்றவர்கள் வசனத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்தவள். ஆர்மோனியம் ராகம் மாறியதும் இப்போது துணியில் என்ன நடக்கிறது என்று அவள் முதுகுக்குத் தெரியும்.

இந்த வருஷத்துப் படம் ஒரு ராஜகுமாரனும் தோட்டக்காரன் மகளும். முதல் மூன்று சுருள் வரை பெண்கள் பக்கம் கலகலவென்று இருக்கும். குளேதகுட்டத்திலிருந்தும் இளகல்லிலிருந்தும் வந்த நெசவுக்காரப் பெண்கள்தான் அதிகம். பனசங்கரி அவர்கள் குலதெய்வம். வாயும் அவர்களுக்குத் தறி மாதிரி நிற்காமல் ஓடும். ராஜகுமாரனுக்கு முதல் நாளே 'பீச்சாங்கை ராஜா' என்று பேர் வைத்துவிட்டார்கள். நீலவ்வாவுக்குத் தகரக் குழலை வைத்து 'டப்பாவாய் அக்கா'. இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள்தான் நாலாம் சுருளில், ராஜகுமாரன் கல்யாணம் வரும் நேரத்தில், எழுந்து போகிறார்கள்.

சாவுகார் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். இயந்திர விளக்குக்குக் கரிக்குச்சி வாங்கப் போன ஆள் இன்னும் வரவில்லை என்ற எரிச்சலில் இருந்தார்.

"இங்க பாரு நீலவ்வா. நான் சினிமா ஓட்டறேன், சத்திரம் நடத்தலை. நடுவுல எந்திரிச்சு வர்றவங்களை வாசல்ல பாத்துட்டு, படம் நல்லால்லபோலன்னு அடுத்த ஆட்டத்துக்கு வந்தவங்களும் திரும்பிப் போறாங்க. தேர் அன்னிக்குத் துணியைப் பின்கம்பத்துல கட்டிடலாம்னு இருக்கேன். கூடாரம் முழுக்க ஆம்பளைங்க."

அப்படியானால் தன் கதி என்ன என்று அவள் யோசித்தாள். ரோணத்தில் தம்பி வீடு இருந்தது. தம்பி மனைவி ஒவ்வொரு ரொட்டியையும் தட்டில் போடும்போது எவ்வளவு உயரத்திலிருந்து போடுவாள் என்று நீலவ்வாவுக்குத் தெரியும். நாடகக் கம்பெனியில் கதாநாயகியாக இருந்து, தாயாக இறங்கி, தோழியாகக்கூட வேண்டாம் என்று ஆன பிறகு அவளுக்குக் கிடைத்த இடம் அந்த முக்காலி ஒன்றுதான். துணி பின்கம்பத்துக்குப் போனால் முக்காலியும் போகும். பெண்களுக்கும் சினிமா போகும். ஆண்களோடு பாய் பகிர்ந்து உட்கார யாரும் வரப்போவதில்லை.

அன்றிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பொரிக்கடைத் தெருவில் நடந்தாள். வளையல் கடையில் நின்றாள், எதையும் பார்க்காமல் நகர்ந்தாள். குளத்துப் படியில் இறங்கி, கால் நனைவதற்குள் ஏறினாள். எது என்று கண்டுபிடித்தால் சரிசெய்துவிடலாம். எது என்றுதான் தெரியவில்லை.

முதலில் துணியைச் சந்தேகப்பட்டாள். நாலாம் சுருள் வருவதற்குள் துணி காய்ந்து, பின்பக்கம் படம் மங்கிப்போகிறதோ என்று, மூன்றாம் சுருள் முடிந்ததும் இன்னொரு தடவை தண்ணீர் பீய்ச்ச வைத்தாள். படம் கண்ணாடி போலத் தெரிந்தது. பெண்கள் முந்தின நாளைவிடச் சீக்கிரமாகப் போனார்கள்.

பிறகு எதிரே இருந்த நாடகக் கொட்டகையைச் சந்தேகப்பட்டாள். அங்கே மத்தளம் அடிக்க ஆரம்பிக்கும் நேரமும் இதுவும் ஒன்றோ? போய் நின்று பார்த்தாள். அவர்கள் முகப்பூச்சுக்கே இன்னும் உட்காரவில்லை.

கடைசியில் தன்னையே சந்தேகப்பட்டாள். கல்யாணக் கட்டத்தைச் சப்பென்று சொல்கிறேனோ, குரல் போய்விட்டதோ. மறுநாள் அந்த இடம் வந்ததும் தகரக் குழலைக் கீழே வைத்துவிட்டு, மருமகளை வீட்டுக்குள் அழைக்கும்போது பெண்கள் பாடுகிற சோபானப் பாட்டை எடுத்தாள். வாய் நிறைய, மேடையில் பாடிய நாளில் பாடியது போலப் பாடினாள். கூடாரமே தீப்பிடித்த மாதிரி பெண்கள் எழுந்தார்கள். சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு வெறும் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கேட்டால் யாரும் சொல்வதில்லை. ஒருத்தி குழந்தைக்குப் பசி என்றாள். குழந்தை வயிறு முட்டத் தின்றுவிட்டு அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொருத்தி வண்டிக்காரன் காத்திருக்கிறான் என்றாள். அவளுடைய வண்டிக்காரன் ஆண்கள் பக்கத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஒன்றை மட்டும் நீலவ்வா கவனித்தாள். முதலில் எழுந்து போகிறவர்கள் புதுமருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். கடைசிவரை அசையாமல் இருப்பவர்கள் பாகல்கோட்டையிலிருந்து வந்திருந்த முஸ்லிம் வீட்டுப் பெண்கள். அவர்கள் பாட்டுக்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டு, மற்றவர்கள் ஏன் போகிறார்கள் என்று அவளைப் போலவே விழித்தார்கள்.

மறுநாள் அவள் ஒரு காரியம் செய்தாள். தொண்டை கட்டிவிட்டது என்று வெங்கோபராவிடம் சொல்லி, அவரையே கொஞ்சம் உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டு, முந்தானையை முகம் மறைய இழுத்துக்கொண்டு பெண்களோடு பெண்ணாகப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் சாவந்த்ரவ்வா. குளேதகுட்டத்துக்காரி. 'டப்பாவாய்' என்ற பேரை வைத்தவளே அவள்தான். அவளுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் மினுமினுக்கும் கழுத்தோடு ஒரு சின்னப் பெண், போன மாதம்தான் வந்த மருமகள்.

படம் ஓடியது. இந்தப் படத்தை நீலவ்வா பின்பக்கத்திலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. குதிரை வேறு திசையிலிருந்து வந்தது. ராஜகுமாரன் இடது கையால் கத்தி வீசினான், இடது கையால் மாம்பழம் தின்றான். பக்கத்தில் இருந்தவர்கள் 'பீச்சாங்கை' என்று சிரித்தார்கள். ஓ, அதனால்தானா இந்தப் பேர் என்று அவளும் சிரித்தாள். துணிக்குப் பின்னால் எல்லாம் இடவலமாகத்தான் தெரியும் என்று தெரியாதவளா அவள்? தெரியும். எழுத்தைப் பற்றித்தான் அப்படி நினைத்திருந்தாள்.

நாலாம் சுருளில் மணமேடை வந்தது. மணமகன் சட்டை இல்லாத உடம்போடு எழுந்து நின்றான். பூணூல் அவன் வலது தோளிலிருந்து இறங்கிக் கிடந்தது. அக்கினிக்கு முன்னால் வந்தான். பின்னால் பெண். இருவரும் நெருப்பைச் சுற்றத் தொடங்கினார்கள், இடப்பக்கமாக.

நீலவ்வா முந்தானையை விலக்கிவிட்டு நன்றாகப் பார்த்தாள். அப்பா போனபோது தம்பி பூணூலை இப்படி மாற்றிப் போட்டுக்கொண்டு, மண்பானையைத் தோளில் வைத்து, இதே பக்கமாகத்தான் சுற்றினான். உயிரோடு இருப்பவர்களுக்கு யாரும் இப்படிச் சுற்றுவதில்லை.

சாவந்த்ரவ்வா அதற்குள் மருமகளின் முகத்தைத் தன் முந்தானையால் மூடி, தோளைப் பிடித்து எழுப்பியிருந்தாள். நீலவ்வா பின்னாலேயே ஓடினாள். வெளியே பஜ்ஜிக் கடை விளக்கு வெளிச்சத்தில்தான் பிடிக்க முடிந்தது. தெரிந்துகொண்டே கேட்டாள், இதற்காகத்தானா என்று.

சாவந்த்ரவ்வா மருமகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"அந்தச் சுத்து யாருக்குச் சுத்தறதுன்னு உனக்குத் தெரியாதா? அதுக்குமேல நீ சோபானம் வேற பாடற. இவ கழுத்துல தாலி ஏறி மஞ்சள்கூட இன்னும் காயலை. என் வாயால சொல்ல வைக்காதே தாயி, போ."

யாரும் சொல்லாததற்குக் காரணம் அதுதான். அதைப் பார்ப்பது ஒரு கெடுதல் என்றால், புதுப்பெண் காதில் விழும்படி அதைப் பேர் சொல்லிப் பேசுவது அதைவிடக் கெடுதல். எத்தனை நாள் கேட்டிருந்தாலும் பசிக்கிற குழந்தையும் காத்திருக்கிற வண்டிக்காரனும்தான் பதிலாகக் கிடைத்திருப்பார்கள்.

ஆட்டம் முடிந்ததும் நேராக மக்தும்சாப்பிடம் போனாள். இயந்திரத்தைச் சுற்றும் கை அவருடையது. சூடு ஆறாத விளக்குப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அவள் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை விழுங்கிக்கொண்டார். அவர் வீட்டுப் பெண்களும்தான் கடைசிவரை வேர்க்கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சுருளிலிருந்து ஒரு முழ நீளம் பிரித்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். தபால்தலை அளவில் மணமக்கள் வரிசையாக நின்றார்கள்.

"இப்படிப் பாத்தா வலம். திருப்பிப் பிடிக்கிறேன் பாரு, இடம். படம் ஒண்ணுதான் அக்கா. எந்தப் பக்கம் நின்னு பாக்கறோங்கறதுதான்."

அப்படியானால் திருப்பியே ஓட்டினால் என்ன என்று அவள் கேட்டாள். ஓட்டலாம் என்றார். பிலிமின் இரண்டு ஓரத்திலும் ஒரே மாதிரி ஓட்டைகள்தான், இயந்திரத்தின் பல்லுக்கு முன்புறம் பின்புறம் தெரியாது. ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சுற்றும்போது நடுவில் பட்டையை அரைமுறுக்கு முறுக்கிவிட்டால் போதும், முழுச் சுருளும் முகம் மாறிவிடும். கண்ணாடி வில்லையை ஒரு மயிரிழை நகர்த்தித் தெளிவு பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இருவரும் சாவுகாரிடம் சொல்லாமலே மறுநாள் அதைச் செய்தார்கள்.

நாலாம் சுருளில் நீலவ்வா முக்காலியில் உட்கார்ந்து பெண்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவந்த்ரவ்வாவின் கை மருமகள் தோளுக்குப் போனது. முந்தானை பாதி உயர்ந்தது. அங்கேயே நின்றது. அவள் கண்ணைச் சுருக்கித் துணியைப் பார்த்தாள். கை மெல்ல இறங்கியது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. எங்கிருந்தோ மெல்லிய குரலில் யாரோ சோபானத்தின் முதல் அடியை எடுக்க, நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

அந்தப் பாட்டை ஆண்கள் பக்கத்துக் கூச்சல் விழுங்கியது. நீலவ்வா துணியின் ஓரத்தை விலக்கி எட்டிப் பார்த்தாள். வெங்கோபராவ் ஒரு கையால் தன் பூணூலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். ஆர்மோனியம் நின்றது. பாதிப் பாய் எழுந்து நின்றது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு எழவைக் காட்டுகிறான் என்று யாரோ சாவுகாரின் அப்பா வரைக்கும் இழுத்தார்கள். வெங்கோபராவ் மேடையிலிருந்து இறங்கி நேரே குளத்துக்குப் போய், அந்தத் தை மாதக் குளிரில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு வந்து சாவுகார் முன்னால் நின்றார்.

சாவுகார் கத்தவில்லை. கத்தியிருந்தால் நீலவ்வாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஒரு பக்கம் கல்யாணம் நடந்தா இன்னொரு பக்கம் கருமாதி நடக்கணும், அப்படித்தானே? இந்தத் தொல்லையே எனக்கு வேண்டாம். நாளைக்கு ஒருநாள் ஓடட்டும். நாளன்னிக்குத் தேர். காலையில துணிக் கயித்தை அவுத்துடுங்க."

மறுநாள் முழுக்க அவள் மக்தும்சாப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவர் டீ குடிக்கப் போனால் டீக்கடையில் நின்றாள், தொழுகைக்குப் போனால் வெளியே நின்றாள். பெண்களை இயந்திரப் பக்கமும் ஆண்களைப் பின்பக்கமும் மாற்றி உட்கார வைத்தால்? முழுக் கட்டணம் கொடுத்தவன் மங்கல் படம் பார்க்கமாட்டான் என்றார். கல்யாணத்தையே வெட்டி எறிந்துவிட்டால்?

"அடுத்த சுருள்ல அவ தொட்டில் ஆட்டறா. தாலி கட்டாமலா ஆட்டுவா? அப்புறம் உன் குளேதகுட்டத்துக்காரிங்க என்னையும் சேத்து ஊரை விட்டு ஓட்டுவாங்க."

கூடாரத்தில் குளிருக்குப் போர்த்துகிற கம்பளி ஞாபகம் வந்தது அவளுக்கு. படம் நேராக ஓடும்போது துணிக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கம்பளியை இறக்கிவிட்டால், ஆண்களுக்கு மட்டும் கல்யாணம் தெரியும், பெண்கள் பக்கம் இருட்டு. பிறகு அதையே திருப்பி ஓட்டும்போது கம்பளியை ஆண்கள் பக்கம் இறக்கிவிட்டால்? மக்தும்சாப் கூடாரத்தின் பக்கம் கையைக் காட்டினார். வெளிச்சமே ஆண்கள் பக்கத்திலிருந்துதானே வருகிறது, அதன் முன்னால் கம்பளியைக் கட்டினால் பெண்களுக்கு எது தெரியும் என்று கேட்டார். பின்பக்கத்தை மறைக்க முடியும். முன்பக்கத்தை மறைக்க வழியே இல்லை. முன்பக்கம் கண் திறந்திருந்தால்தான் பின்பக்கத்துக்குக் கண். இதில் வந்து இருவரும் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

அன்று மாலை ஆட்டத்தில் படம் பழையபடி நேராக ஓடியது. பெண்கள் பழையபடி எழுந்து போனார்கள். போகாதவர்கள் கொஞ்சம் பேர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சாம் சுருள் முடிந்து இடைவேளை மணி அடித்தது. நீலவ்வாவுக்கு முக்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து, துணியின் ஓரத்தை நீக்கிக்கொண்டு, மறுபக்கம் போனாள்.

ஆண்கள் பக்கம் காலியாக இருந்தது.

அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, தினமும் அப்படித்தான். பிலிம் என்பது வைக்கோலைவிட வேகமாகப் பிடித்து எரியும் பொருள். கூடாரத்துக்குள் பீடி பற்றவைத்தால் மக்தும்சாப் அடிக்கவே வந்துவிடுவார். அதனால் இடைவேளை மணி அடித்ததும் அத்தனை ஆண்களும் மதகு திறந்த மாதிரி வெளியே பாய்ந்து, பீடியும் டீயும் மிளகாய் பஜ்ஜியுமாக நிற்பார்கள். பெண்கள் போவதில்லை. வெளியே அந்தப் புகைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போய் அவர்கள் என்ன செய்வது? பாயிலேயே மூட்டையைப் பிரித்து, சோள ரொட்டியும் கத்திரிக்காய்க் கறியுமாகச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள்.

நீலவ்வா தினமும் அந்தப் பெண்களோடு அந்தப் பக்கமே இருந்தவள். இந்தப் பக்கத்து வெறும் பாயை இன்றுதான் பார்க்கிறாள். நடுவில் நின்றுகொண்டு வெள்ளைத் துணியைப் பார்த்தாள். தன்னைத் தவிர அதைப் பார்க்க இந்தப் பக்கம் ஒரு கண்ணும் இல்லை. துணிக்கு அப்பாலிருந்து ரொட்டி பிய்க்கிற சத்தமும் பேச்சும் கேட்டன.

முன்பக்கத்தை மறைக்கத்தான் முடியாது. ஆனால் அது தானாகவே தினமும் ஒரு தடவை காலியாகிறதே.

அவள் இயந்திரத்தை நோக்கி நடந்த வேகத்தைப் பார்த்து மக்தும்சாப் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று வாளியைத் தூக்கிவிட்டார். அவள் சொல்லி முடித்ததும் வாளியைக் கீழே வைத்தார். கல்யாணம் எவ்வளவு நீளம் என்று விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். அதிகம் இல்லை, ஒரு டீ ஆறுவதற்குள் ஓடி முடிந்துவிடும். இடைவேளையை மட்டும் முன்னால் கொண்டுவர வேண்டும்.

சாவுகாரைச் சம்மதிக்க வைத்தது வெங்கோபராவ்தான். தன் கண்ணில் மறுபடி அது படாது என்றால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். படாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டார். சாவுகார் அவரையும் நீலவ்வாவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தேர் அன்றைக்கு ஒரே ஒருநாள், சரிவராவிட்டால் கயிறு அவிழ்கிறது என்றார்.

தேர் நாளன்று கூடாரம் நிரம்பி வழிந்தது. நீலவ்வா வாசலிலேயே சாவந்த்ரவ்வாவைப் பிடித்து, இன்றைக்கு நடுவில் எழுந்திருக்காதே, உன் மருமகள் கண்ணுக்கு நான் பொறுப்பு என்று கையில் அடித்துச் சொன்னாள். சாவந்த்ரவ்வா நம்பாமல்தான் உட்கார்ந்தாள், படுதாவுக்குப் பக்கத்தில். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கல்யாணம் வந்தது, பெண்கள் பக்கம் இருண்டது, மணி அடித்தது. அப்புறம் துணியில் மறுபடி வெளிச்சம் விழுந்தது. பூணூல் இடது தோளில் இருந்தது. மணமக்கள் வலமாகச் சுற்றினார்கள். சாவந்த்ரவ்வா மருமகளின் தலையைத் துணியின் பக்கம் திருப்பிவிட்டாள். பிறகு கையிலிருந்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு, அவள்தான் சோபானத்தை எடுத்தாள். கூடாரத்தின் அந்தப் பாதி முழுவதும் சேர்ந்து பாடியது. வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்தவர்கள் யார் வீட்டுக் கல்யாணம் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

சாவுகார் கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை. திருவிழா முடியும் வரை ஒவ்வொரு ஆட்டத்திலும் இதைத்தான் செய்தார்கள்:

கல்யாணத்தை நாலாம் சுருளிலிருந்து வெட்டித் தனியாக ஒரு சின்னச் சக்கரத்தில் சுற்றி வைத்தார்கள். நாலாம் சுருள் தாலிக்கு முன்னாலேயே நிற்கும். துணிக்குப் பின்னால் கறுப்புக் கம்பளியை இறக்கிவிட்டு, கல்யாணத்தை நேராக ஓட்டி ஆண்களுக்குக் காட்டுவார்கள். உடனே இடைவேளை மணி. ஆண்கள் வெளியே போனதும் தூங்கிக்கொண்டிருப்பவர்களை வெங்கோபராவ் தட்டி எழுப்பி அனுப்பிவிட்டு, தானும் போய்விடுவார். மக்தும்சாப் அந்தத் துண்டை நடுவில் ஓர் அரைமுறுக்குக் கொடுத்துத் திரும்பச் சுற்றி இயந்திரத்தில் ஏற்றுவார். நீலவ்வா கம்பளியைத் தூக்கிவிட்டு, துணியை நனைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். கல்யாணம் இரண்டாவது தடவையாக, திருப்பி ஓடும். அப்போது அதைப் பார்ப்பவர்கள் பெண்கள் மட்டுமே.